192 கிலோ ஹேர்ட்ஸ் ஒலிக்கோப்பு: பெயரை மறைத்துக் கேட்டாலும் வேறுபாடு தெரியுமா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு:

அனைவருக்கும் வணக்கம். இசை கேட்பதில் ஆர்வமுள்ள நாங்கள் சிலர் விடுமுறை நாட்களில் ஒரு நண்பரின் வீட்டில் கூடுவது வழக்கம். அவர் அண்மையில் கணினியோடு இணைக்கும் டிஏசி (கோப்பிலுள்ள எண்களை ஒலி அலையாக மாற்றும் கருவி) ஒன்றை வாங்கி, ஒரே கர்நாடக இசைக் கச்சேரியை முதலில் இறுவட்டுத் தரத்திலும், பின்னர் 24 பிட், 192 கிலோ ஹேர்ட்ஸ் கோப்பாகவும் எங்களுக்குக் கேட்கத் தந்தார். கிலோ ஹேர்ட்ஸ் என்பது இங்கே மாதிரியெடுப்பு வீதம், அதாவது செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலி அளக்கப்படுகிறது என்பது; பிட் என்பது ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறார்கள் என்பது. இரண்டாவதில் தம்புராவின் நாதம் நீண்டு நிற்பதாகவும், மிருதங்கத்தின் சாப்பு துலக்கமாக விழுவதாகவும் அங்கிருந்த எல்லோருமே சொன்னோம். ஆனால், எது எந்தக் கோப்பு என்பதை ஒலிக்கவிடுவதற்கு முன்னரே அவர் சொல்லிவிட்டார். இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து பெறப்பட்டவை; இடையில் ஒலியளவையும் கையால் கூட்டிக் குறைத்தார். நாங்கள் கேட்டது கோப்பின் தரத்தையா, அல்லது எங்கள் எதிர்பார்ப்பையா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு விவாதமாக இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஊர்க் கூத்துக் குழுவினர் அடுத்து அரங்கேறவிருக்கும் வடமோடிக் கூத்தை (எங்கள் பகுதியின் மரபுக் கூத்து வகைகளில் ஒன்று) விடிய விடிய முழுமையாக ஒலிப்பதிவு செய்து பாதுகாக்க விரும்புகிறார்கள். மறைந்துபோன அண்ணாவிமார் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான்கள்) பாடிய பழைய ஒலிநாடாக்களும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சேர்ந்திருக்கும் பணமோ சொற்பம். 192 கிலோ ஹேர்ட்ஸில் பதியும் கருவி இல்லையென்றால் பதிவதே வீண் என்று நண்பர் உறுதியாக நிற்கிறார். வீட்டில் நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி, இது குறித்து முறையான ஆய்வுகள் என்ன சொல்கின்றன, கூத்துப் பதிவுக்கு எந்தத் தரம் போதுமானது என்பவற்றை விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கல்லடி ஒலியமைப்பாளர்:

தம்பி, கோயில் திருவிழாக்களுக்கும் பாடசாலை விழாக்களுக்கும் ஒலியமைப்புச் செய்வது என் தொழில். உங்கள் ஐயம் நியாயமானது. நீங்கள் விபரித்த முறையில் எந்த இரண்டு கோப்புகளை ஒலிக்கவிட்டிருந்தாலும், ஒரே கோப்பையே இரண்டு தடவை ஒலிக்கவிட்டிருந்தாலும்கூட, இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலானோர் சொல்லியிருப்பார்கள்.

முதலில் ஒலியளவைக் கவனியுங்கள். அரை டெசிபல் கூடினால் அதைச் சத்தம் கூடியதாக எவரும் உணர்வதில்லை. குரல் தெளிந்துவிட்டது, தாளம் இறுகிவிட்டது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒப்பிடும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மின்னழுத்தத்தில் பார்த்தால் அது ஏறத்தாழ 1.2 சதவீதம், அதாவது ஒரு வோல்டுக்கு 12 மில்லிவோல்ட். கையால் குமிழைத் திருப்பி இந்த அளவுக்கு ஒருபோதும் சரிசெய்ய முடியாது. இரண்டு வெவ்வேறு கருவிகளை ஒப்பிடுவதாயின், ஒரே சோதனைத் தொனியை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்துதான் சமப்படுத்த வேண்டும்.

அடுத்தது, கோப்புகள் எங்கிருந்து வந்தன என்பது. உயர்தரப் பதிப்பு என்று விற்கப்படுவது பல வேளைகளில் புதிதாக மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் வேலை) செய்யப்பட்டதாக இருக்கும். பழைய இறுவட்டில் ஒலியை நெருக்கி உரத்துப் பதித்திருப்பார்கள்; புதியதில் ஏற்ற இறக்கங்களுக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த வேறுபாடு உண்மையானது, எவருக்கும் கேட்கக்கூடியது. ஆனால் அது மாஸ்டரிங் செய்தவரின் கைவண்ணம். 192 என்ற எண்ணுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. எனவே 192 கோப்பு ஒன்றை மட்டும் எடுத்து, அதையே நீங்கள் கணினியில் இறுவட்டுத் தரமான 16 பிட், 44.1 கிலோ ஹேர்ட்ஸாக டிதர் (பிட் குறையும்போது வரும் சிதைவைத் தவிர்க்கச் சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்) சேர்த்து மாற்றுங்கள். பிறகு அந்தக் குறைந்த தரக் கோப்பை மறுபடியும் 24 பிட், 192 ஆக மாற்றுங்கள். இழந்த தகவல் இதனால் திரும்பி வராது. ஆனால் இரண்டு கோப்புகளும் ஒரே வீதத்தில் ஓடும்.

இந்தக் கடைசிப் படியை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு சோதனையில் ஓர் இளைஞர் அநேகமாக எல்லா முறையும் சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய காதைப் பாராட்டத் தொடங்கிய வேளையில், டிஏசிக்கு அருகில் குனிந்து பார்த்தோம். மாதிரியெடுப்பு வீதம் மாறும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருக்கும் ரிலே (மின்னால் இயங்கும் ஆளி) மிக மெல்லிதாக ‘டிக்’ என்று ஒலித்தது. அவர் ஏமாற்றவில்லை, தாம் எதை வைத்து அடையாளம் காண்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இரண்டு கோப்புகளையும் ஒரே வீதத்துக்குக் கொண்டுவந்த பின்னர் அவருடைய விடைகள் ஏனையோரின் விடைகளைப் போலவே ஆகிவிட்டன.

சோதனைக்கு ஃபூபார்2000 மென்பொருளும் அதன் ஏபிஎக்ஸ் இணைப்பும் போதும், இரண்டும் இலவசம். ஏ, பி என்ற இரண்டையும் பெயர் தெரிந்து கேட்கலாம். எக்ஸ் என்பது அவற்றில் எது என்பதை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை தடவையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், அவசரமே இல்லை. விண்டோஸில் டிஏசியை அந்த மென்பொருளுக்கு மட்டுமே ஒதுக்கும் முறையைத் தெரிவு செய்யாவிட்டால், எல்லா ஒலியும் விண்டோஸில் குறித்து வைத்திருக்கும் வீதத்துக்கு மாற்றப்பட்ட பிறகே வெளிவரும். புளூடூத் ஹெட்போனில் இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளே இல்லை. 24 பிட், 192 கிலோ ஹேர்ட்ஸ் ஸ்டீரியோவுக்குச் செக்கனுக்கு 9,216 கிலோபிட் தேவை. உயர்தர ஒலிக்கான புளூடூத் முறையான எல்டிஏசிகூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான் கொண்டுசெல்லும்.

கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்:

ஒலியமைப்பாளர் அண்ணன் சொன்ன செய்முறையோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆய்வுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் அடிப்படையான ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனெனில் விளம்பரங்களில் வரும் படிக்கட்டு வடிவப் படம் பலரைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது. இறுவட்டில் மாதிரிகள் புள்ளிகளாக இருந்தாலும், டிஏசியிலிருந்து வெளிவரும் அலை படிக்கட்டாக இருப்பதில்லை. மாதிரியெடுப்பு வீதத்தின் பாதிக்குக் கீழே உள்ள அலைகள் அனைத்தும், அதாவது இறுவட்டில் 22.05 கிலோ ஹேர்ட்ஸ் வரையிலானவை, முழுமையான வளைகோடாகவே மீட்கப்படுகின்றன. இரு மாதிரிகளுக்கிடையே 22.7 மைக்ரோ செக்கன் இடைவெளி இருப்பதால் அதைவிட நுண்ணிய கால வேறுபாட்டைப் பதிய முடியாது என்ற வாதமும் பிழையானது. அலையின் வடிவத்திலேயே அதைவிடப் பல மடங்கு நுண்ணிய கால வேறுபாடு அடங்கியிருக்கிறது. 192 கிலோ ஹேர்ட்ஸ் உண்மையில் கூடுதலாகத் தருவது 22 முதல் 96 கிலோ ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே. மனிதச் செவியின் எல்லை இளமையிலேயே 20 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் முடிந்துவிடுகிறது. நடுவயதைக் கடந்த பலருக்கு 15, 16 கிலோ ஹேர்ட்ஸே கேட்பது அரிது.

பிட் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தருகிறது. இசையின் உச்சத்தை 100 டெசிபலில் வைத்துக் கேட்டால், கோப்பின் சொந்த இரைச்சல் 4 டெசிபல் அளவில் கிடக்கும். மின்விசிறி சுழலும் நம்முடைய அறைகளில் அது எங்கே கேட்கப்போகிறது?

இனி ஆய்வுகள். பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007 இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை அதிகம் பேசப்படுவது. எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ என்ற உயர்தர வட்டுகளிலிருந்து வரும் ஒலியை ஒரு வழியில் நேராகவும், மறுவழியில் 16 பிட், 44.1 கிலோ ஹேர்ட்ஸாக மாற்றி மீட்கும் கருவியின் ஊடாகவும் அனுப்பி, எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரியாக அமைந்தன, அதாவது 49.8 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலும் இதே விளைவுதான் வந்திருக்கும். ஒலியளவை வழக்கத்துக்கு மிகவும் மேலாகக் கூட்டி, இசை ஏறக்குறைய இல்லாத இடத்தைக் கேட்டபோது மட்டும் 16 பிட்டின் இரைச்சல் தெரிந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நீங்கள் சோதனை செய்யும்போது எத்தனை சுற்று என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். 16 சுற்றில் 12 சரியென்றால், வெறும் ஊகத்தால் அவ்வளவு அல்லது அதைவிடக் கூடுதலாக வருவதற்கான நிகழ்தகவு 3.8 சதவீதம். ஒருவர் தனியாகச் செய்தால் அது கவனிக்கத்தக்க விளைவு. ஆனால் பத்துப் பேர் செய்து, அவர்களில் ஒருவருக்கு 12 கிடைத்தால் அதைக் கொண்டாடக்கூடாது. பத்துப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும், எவரோ ஒருவருக்காவது அப்படி அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். அத்தகையவரை மறுபடியும் புதிதாகச் சோதிப்பதுதான் முறை.

அக்கரைப்பற்று இசைவிரும்பி:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சேர் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இந்த விடயம் அவர் எழுதியதில் தோன்றுமளவுக்கு முடிந்துபோன ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 2007 ஆய்வில் பயன்படுத்தப்பட்ட வட்டுகளில் சில, அசலிலேயே உயர்தரத்தில் பதியப்பட்டவை அல்ல என்ற விமர்சனம் அதன் பின்னர் எழுந்தது. மூலத்தில் இல்லாத ஒன்றை அகற்றிவிட்டு, அகற்றியது தெரிகிறதா என்று கேட்டால் எவரால் விடை சொல்ல முடியும்?

இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசுவா ரைஸ் 2016 இல் 18 பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். 400க்கும் மேற்பட்டோர், 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகள். மொத்தத்தில் சரியான விடைகள் 52.3 சதவீதம். இது சிறியதுதான், ஆனால் இத்தனை முயற்சிகளில் தற்செயலாக வரக்கூடிய அளவைவிடக் கூடியது. எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டிப் பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 சதவீதத்தை எட்டியது. என்னைப் பொறுத்தவரை இதன் பொருள், மேம்போக்காக நடத்தப்படும் சோதனை உண்மையாகவே இருக்கும் சிறிய வேறுபாட்டையும் தவறவிட்டுவிடும் என்பதாகும். கேட்பவருக்குத் தெரிந்த இசையாக இருக்க வேண்டும், களைப்பில்லாமல் இருக்க வேண்டும், அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனை அமைப்பினால் ஏற்கனவே கேட்கக்கூடியது என்று நிறுவப்பட்ட சிறிய வேறுபாட்டையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அரை டெசிபல் ஒலியளவு வேறுபாட்டையே பிடிக்காத ஓர் அமைப்பு, 192இல் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கூத்தைப் பற்றி இன்னொன்று. சல்லரியின் (கூத்தில் தட்டும் கைத்தாளத்தின்) ஓசையும் ஆடுபவர் காலில் கட்டிய சதங்கையின் ஓசையும் 20 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேலும் நீள்கின்றன. பின்னால் வருபவர்களுக்காகப் பாதுகாக்கும் பதிவில், இன்று நமக்குத் தேவையில்லை என்பதற்காக அதை வெட்டிவிடுவது சரியா?

கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்:

சகோதரர் சொன்ன கட்டுப்பாட்டுச் சோதனை மிகவும் முக்கியமானது. நானே அதை முதலில் எழுதியிருக்க வேண்டிய இடம் அது. ரைஸின் முடிவுகளையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 52.3 சதவீதத்தை எதற்குச் சான்றாகக் கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும். சில பரிசோதனைகளில் வேறுபாடு தெரிந்ததற்கு, வீதத்தைக் குறைக்கும்போது மேலோசையை நீக்கும் வடிகட்டியின் தன்மையோ, கருவியின் குறையோ காரணமாக இருந்திருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கொடுக்கிறேன். ஒலிபெருக்கியின் டுவீட்டர் (மேலோசையை ஒலிக்கும் சிறிய பகுதி) உள்ளே வரும் அலைக்குச் சரியான விகிதத்தில் இயங்காவிட்டால், காதுக்குக் கேட்காத 30 கிலோ ஹேர்ட்ஸும் 33 கிலோ ஹேர்ட்ஸும் சேர்ந்து 3 கிலோ ஹேர்ட்ஸில் ஒரு புதிய ஒலியை உண்டாக்கும். அது காதுக்கு நன்றாகவே கேட்கும், மறைத்து நடத்தும் சோதனையிலும் பிடிபடும். அப்போது 192 கோப்பு ‘வேறாக’ ஒலிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் மூல இசையில் இல்லாத ஒன்றைச் சேர்த்து ஒலிக்கிறது. வேறுபாடு தெரிவதையும் தரம் உயர்வதையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வது இந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது.

நீங்கள் சொல்லும் சிறிய வேறுபாடு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர்களே பத்தில் ஆறு தடவைதான் சரியாகச் சொல்கிறார்கள். வாவிக்கரையான் தம்பியின் நண்பர் கூட்டமோ ஒரே கேட்டலில் எல்லோரும் ஒருமித்து வியந்தது. அந்த வியப்பை இந்த 60 சதவீதத்தால் விளக்க முடியாது. அதற்கு ஒலியளவும் மாஸ்டரிங்கும் முன்கூட்டிச் சொல்லப்பட்ட பெயரும் போதும்.

கல்லடி ஒலியமைப்பாளர்:

கூத்துப் பதிவுக்கு வருகிறேன். கேட்பதற்கான தரம் வேறு, பதிவதற்கான தரம் வேறு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம்.

பதியும்போது 24 பிட் அவசியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. களரியில் (கூத்தாடும் அரங்கில்) அண்ணாவியார் மத்தளத்தை எப்போது ஓங்கி அடிப்பார், அரசன் வரவில் பக்கப்பாட்டு எவ்வளவு உச்சத்துக்கு ஏறும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. உச்சங்கள் உச்ச எல்லைக்கு 12 முதல் 18 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை வைத்துவிட்டால், இடையில் ஓங்கி விழும் அடியும் சிதையாது, தாழ்ந்த குரலும் இரைச்சலில் மூழ்காது. இந்த வசதியைத் தருவது 24 பிட்.

மாதிரியெடுப்பு வீதத்தில் 48 போதும், 96 வேண்டுமானால் தாராளமாக வைக்கலாம். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, அனலாக் ஒலிப்பதிவுகளை இலக்கமயப்படுத்தக் குறைந்தது 48 கிலோ ஹேர்ட்ஸும் 24 பிட்டும் வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. அக்கரைப்பற்றுத் தம்பியின் கவலைக்கு 96 விடையளிக்கும். அதில் 48 கிலோ ஹேர்ட்ஸ் வரை சல்லரி அடங்கும். ஆயினும் நம் கைக்கு எட்டும் விலையிலுள்ள பெரும்பாலான மைக்குகள் 20 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும் என்பதால், மைக் பிடிக்காததைக் கருவி எந்த வீதத்தில் பதிந்தாலும் பயனில்லை.

192 இல் பதிந்தால் வரும் நடைமுறைச் சிக்கலையும் பாருங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். வழக்கமான வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாததால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கருவி புதிய கோப்பைத் தொடங்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 33 ஜிகாபைட். அதையும் இரண்டு பிரதிகள் வைக்க வேண்டும். 24 பிட், 48 இல் அதே இரவு 8.3 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

பணத்தை மைக்கிலும் அதை வைக்கும் இடத்திலும் போடுங்கள். வட்டக்களரியில் ஆடுபவர் சுற்றிச் சுற்றி வருவதால், மத்தளத்துக்கு அருகே ஒன்றும், பக்கப்பாட்டுக்காரர் பக்கம் ஒன்றும், களரி முழுவதையும் பிடிக்க உயரத்தில் ஒரு ஸ்டீரியோ சோடியும் இருந்தால் நல்லது. மின்பிறப்பாக்கியை இயன்றவரை தூரத்தில், காற்று களரியிலிருந்து அதை நோக்கி வீசும் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பதிவைக் கெடுப்பது 44.1 அல்ல, அந்த இயந்திரம்தான்.

ஒலிநாடாக்களுக்கும் இதேதான். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். டெக்கின் (நாடாவை ஓட்டும் கருவியின்) ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியை வாசிக்கும் பகுதியை, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஹெட்டுக்கு அருகிலுள்ள சிறிய திருகாணியை மிக மெல்லத் திருப்பி, சல்லரியின் ஓசை எந்த இடத்தில் கூர்மையாக எழுகிறது என்று ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியே பார்த்து நிறுத்துங்கள். ஒவ்வொரு டெக்கிலும் ஹெட் சற்றே வேறு கோணத்தில் இருந்திருக்கும். அந்தக் கோணம் பிசகினால் மேலோசை முழுவதும் மங்கிவிடும். பிறகு 192 இல் பதிந்தாலும் மங்கியதுதான் பதியும். இது மறைத்துக் கேட்டாலும் எவருக்கும் தெரியும் வேறுபாடு.

வாவிக்கரையான், மட்டக்களப்பு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவினரோடு பேசி, 24 பிட், 96 கிலோ ஹேர்ட்ஸில் பதியும் சாதாரணக் கருவி ஒன்றையே வாங்குவதென்றும், மிஞ்சும் தொகையில் மைக்குகளைப் பார்ப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். நண்பரிடம் இந்த உரையாடலைக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை, சோதனைக்குத் தம் வீட்டையும் டிஏசியையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோப்பைக் கூத்துக் குழுவின் ஒத்திகையில் 96இல் நாமே பதிந்த சல்லரி ஓசையிலிருந்து எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவ்வாறு செய்தால் மூலத்தில் மேலோசை இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. அக்கரைப்பற்று அண்ணன் வந்து கலந்துகொள்ள முடியுமா?

அக்கரைப்பற்று இசைவிரும்பி:

இன்ஷா அல்லாஹ், கட்டாயம் வருகிறேன். சேர் சொன்னபடி எண்ணிக்கையை இப்போதே குறித்துவிடுவோம்: ஒவ்வொருவருக்கும் 16 சுற்று, 13 அல்லது அதற்கு மேல் சரியென்றால் மட்டும் மறுநாள் புதிதாக இன்னொரு 16. முதலில் அரை டெசிபல் வேறுபாட்டைப் பிடிக்கிறோமா என்று எல்லோரும் சோதித்துக்கொள்வோம். அந்த ஒத்திகைப் பதிவை எனக்கு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். எந்த இடத்தில் சல்லரி தனித்து ஒலிக்கிறது என்று கேட்டுப் பழகிக்கொண்டு வருகிறேன்.

கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்:

கோப்புகளை மாற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். மைக் உண்மையில் 22 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் ஏதேனும் பிடித்திருக்கிறதா என்று அலைமாலை வரைபடத்தில் முதலில் பார்த்துவிடுவேன். இல்லையென்றால் வேறு மைக் தேட வேண்டும். விடைத்தாள் சோதனை முடியும்வரை என்னிடமே இருக்கட்டும். அறைக்குள் நான் இருக்க மாட்டேன்.